இரண்டு கிளவுட் வீஎம்களுக்கு இடையே பட்டையகலத்தை அளந்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் எண் வருகிறது: எதை நம்புவது?

பரந்தன் சந்தி எழுதியது:

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

பரந்தனில் மூன்று பேர் வேலை செய்யும் சிறிய அலுவலகம் ஒன்றில் இருந்து இதை எழுதுகிறேன். நெல் கொள்வனவு செய்யும் களஞ்சியங்களுக்கும் அரிசி ஆலைகளுக்கும் கணக்கு மென்பொருள் செய்து கொடுப்பதே எங்கள் தொழில். அந்த மென்பொருள் சிங்கப்பூரில் ஒரே வலயத்தில் (ஒரே தரவு மையத் தொகுதியில்) வாடகைக்கு எடுத்த இரண்டு வீஎம்களில், அதாவது மெய்நிகர் கணினிகளில், ஓடுகிறது. ஒன்றில் செயலியும் மற்றதில் தரவுத்தளமும் இருக்கின்றன. ஒவ்வொரு நாளும் இரவு 1 மணிக்குத் தரவுத்தளத்தின் பிரதியையும் தராசுத் துண்டுகளின் படங்களையும் மும்பையில் உள்ள மூன்றாவது வீஎம்முக்கு நகலெடுக்கிறோம். எல்லாமாக 180 கிகாபைட் வரும்.

பெரும்போக அறுவடை தொடங்கிவிட்டால் காலை 6 மணிக்கே முதலாவது உழவு இயந்திரம் நெல் மூட்டைகளுடன் தராசில் ஏறிவிடும். ஆனால் எங்கள் நகலெடுப்பு 7.30 வரை இழுபடுகிறது. அந்த ஒன்றரை மணித்தியாலமும் துண்டு அச்சாகுவதற்குப் பிந்துகிறது. விடியற்காலைப் பனியில் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். வலையமைப்புப் போதவில்லை என்று நினைத்து, இரண்டு மடங்கு பெரிய வீஎம்களுக்கு மாறுவோமா என்று யோசிக்கிறோம். மாத வாடகையை டொலரில் கட்டுகிறபடியால், மாறுவதற்கு முன்னர் அளந்து பார்ப்பதே முறை என்று பட்டது.

அளந்ததில் கிடைத்தவை இவை. மூன்று வீஎம்களும் நான்கு வீசிபியூ (மெய்நிகர் சிபியூ) கொண்டவை. வழங்குநரின் பட்டியலில் அவற்றுக்கு நேரே "10 கிகாபிட் வரை" என்று இருக்கிறது. சிங்கப்பூரில் உள்ள இரண்டுக்கும் இடையே வலையமைப்பின் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 கருவியை எட்டு ஓட்டங்களுடன் (ஒரே நேரத்தில் எட்டு இணைப்புகளில்) 10 விநாடிகள் ஓட்டியபோது விநாடிக்கு 9.4 கிகாபிட் வந்தது. ஒரே ஓட்டத்துடன் ஓட்டியபோது 4.9. அதே எட்டு ஓட்டங்களை 30 நிமிடங்களுக்கு ஓட விட்டபோது 12 நிமிடங்கள் வரை 9.4 ஆக நின்று, பிறகு 1.2 கிகாபிட்டுக்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. சிங்கப்பூரில் இருந்து மும்பைக்கு ஒரே ஓட்டத்தில் 400 மெகாபிட். பிங் போய் வர 60 மில்லிவிநாடி. என்னுடன் வேலை செய்யும் தம்பி யூடிபி முறையில் (பதிலை எதிர்பாராமல் பொதிகளை அனுப்பும் முறையில்) அளந்துவிட்டு 1.05 மெகாபிட்தான் வருகிறது என்று பதறிப்போனார். அலுவலக மடிக்கணினியில் இருந்து சிங்கப்பூருக்கு அளந்தால் 22 மெகாபிட். ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரலைக் கொண்டு எஸ்எஸ்எச் (குறியாக்கம் செய்த இணைப்பு) வழியாகச் சிங்கப்பூர் வீஎம்களுக்கு இடையே பெரிய கோப்பொன்றை நகலெடுத்தால் விநாடிக்கு 110 மெகாபைட் போகிறது.

இவற்றில் எது உண்மையான பட்டையகலம்? வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் அறிக்கையில் எந்த எண்ணை எழுதுவது? பெரிய வீஎம் வாங்கினால் எங்கள் சிக்கல் தீருமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் பெரிய உதவியாக இருக்கும்.

ஒட்டுசுட்டான் எழுதியது:

தம்பி, முதலில் ஒரு கணக்கைப் போட்டுவிட்டு அளவீட்டுக்கு வருவோம். 180 கிகாபைட் என்றால் 1,440 கிகாபிட். இரவு 1 மணி தொடக்கம் காலை 6 மணி வரை 18,000 விநாடிகள். வகுத்தால் விநாடிக்கு 80 மெகாபிட் வருகிறது. உங்கள் வேலை நேரத்துக்குள் முடிய அவ்வளவு போதும். மும்பைப் பாதையில் நீங்கள் அளந்ததோ 400, அதாவது தேவையின் ஐந்து மடங்கு. ஆகவே நகலெடுப்புப் பிந்துவதற்குப் பட்டையகலம் காரணமாக இருக்க முடியாது என்பதே என் எண்ணம். பெரிய வீஎம்முக்குக் காசைக் கட்டுவதற்கு முன்னர், அந்த 180 கிகாபைட்டுக்குள் என்னென்ன இருக்கின்றன, எந்த நிரல் அவற்றை நகலெடுக்கிறது என்ற இரண்டையும் சொல்லுங்கள்.

இனி உங்கள் எண்களுக்கு வருகிறேன். அவற்றில் எதுவும் பொய்யில்லை. ஒவ்வொன்றும் வெவ்வேறு பொருளை அளந்திருக்கிறது.

9.4 கிகாபிட்டில் இருந்து 1.2 கிகாபிட்டுக்கு விழுந்ததைக் கண்டு நீங்கள் குழம்பியிருப்பீர்கள். இரணைமடுக் குளத்தை நினைத்துப் பாருங்கள். குளம் நிரம்பி நிற்கும்போது துருசை (மதகை) முழுதாகத் திறந்தால் வாய்க்கால் கரை தட்டத் தண்ணீர் ஓடும். தேக்கிய நீர் தீர்ந்த பிறகு துருசு எவ்வளவு திறந்திருந்தாலும், கனகராயன் ஆறு கொண்டுவந்து சேர்ப்பது மட்டுமே வாய்க்காலுக்குப் போகும். "10 கிகாபிட் வரை" என்று விற்கப்படும் சிறிய வீஎம்கள் இப்படித்தான் நடத்தப்படுகின்றன: சும்மா இருக்கும் நேரத்தில் வரவு சேரும், வேகமாக அனுப்பும்போது அது செலவாகும், தீர்ந்ததும் அடிப்படை வேகம் மட்டும் மிஞ்சும். கிளவுட் வழங்குநரான அமேசான் தன் எம்5 வரிசையில் நான்கு வீசிபியூ உள்ள வீஎம்முக்கு அடிப்படை 1.25 கிகாபிட், உச்சம் 10 கிகாபிட் என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. உச்ச வேகம் பெரும்பாலும் 5 நிமிடம் முதல் 60 நிமிடம் வரை நிற்கும் என்றும் சொல்கிறது. உங்கள் வழங்குநர் யாராக இருந்தாலும் அந்த "வரை" என்ற சொல்லுக்குப் பின்னால் இப்படி ஓர் அடிப்படை எண் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். 10 விநாடிச் சோதனை குளம் நிறைந்திருக்கும்போது துருசைத் திறந்து மூடிப் பார்ப்பதாகும். ஐபெர்ஃப்3 தானாக ஓடும் நேரம் 10 விநாடிகள் என்பதால் அனைவரும் அந்த எண்ணையே எடுத்துப் பேசுகிறார்கள். எனக்கு அது ஏற்புடையதில்லை. இரவு முழுதும் ஓடும் வேலைக்கு 1.2 தான் கணக்கு.

ஒற்றை ஓட்டத்தில் 4.9 வந்ததற்குக் காரணம் வேறு. அனுப்புபவரின் முகவரி, பெறுபவரின் முகவரி, இரு பக்கத்துப் போர்ட் எண்கள், நெறிமுறை ஆகிய ஐந்தும் ஒன்றாக இருந்தால் அதை ஓர் ஓட்டம் என்று எண்ணி, அதற்குத் தனி வரம்பு வைப்பது வழக்கம். அமேசானில் இந்த வரம்பு பொதுவாக 5 கிகாபிட். இரண்டு வீஎம்களும் ஒரே க்ளஸ்டர் பிளேஸ்மென்ட் குழுவில் (வீஎம்களை அருகருகே வைக்கும் ஏற்பாட்டில்) இருந்தால் 10. எட்டு ஓட்டங்கள் சேர்ந்து 9.4 தந்ததும் ஓர் ஓட்டம் 4.9 இல் நின்றதும் இப்படியான வரம்புடன் சரியாகப் பொருந்துகின்றன. ஒரே இணைப்பில் ஓடும் தரவுத்தளப் பிரதியாக்கத்துக்கு 9.4 என்ற எண்ணால் எந்தப் பயனும் இல்லை.

யூடிபி எண்ணுக்குப் பதற வேண்டாம் என்று உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள். அனுப்பும் வேகத்தை நாம் குறிப்பிடாவிட்டால் ஐபெர்ஃப்3 யூடிபியில் 1 மெகாபிட் மட்டுமே அனுப்பும், அதைத்தான் 1.05 என்று காட்டியிருக்கிறது. மடிக்கணினியில் அளந்த 22 மெகாபிட் பரந்தனில் உள்ள உங்கள் இணைப்பைப் பற்றியது. சிங்கப்பூரில் இருந்து மும்பைக்குப் போகும் பொதிகள் வன்னிப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை என்பதால், அந்த எண்ணை இந்தக் கணக்கில் இருந்து எடுத்துவிடலாம்.

ஆர்சிங்க் காட்டிய 110 மெகாபைட் என்பது 880 மெகாபிட். பைட்டையும் பிட்டையும் ஒரே தாளில் கலந்து எழுதாதீர்கள். ஐபெர்ஃப்3 கூட அனுப்பிய தரவின் அளவை 1,024 இன் மடங்கிலும் வேகத்தை 1,000 இன் மடங்கிலும் காட்டுகிறது. இரண்டையும் கையால் பெருக்கிப் பார்ப்பவர்கள் ஏழு வீதம் எங்கே போனது என்று தேடி அலைவார்கள். அந்த நகலெடுப்பு ஓடும்போது இன்னொரு திரையில், எந்த நிரல் எவ்வளவு சிபியூவைப் பிடிக்கிறது என்று காட்டும் டொப் கட்டளையைத் திறந்து பாருங்கள். எஸ்எஸ்எச் நிரல் ஒரு வீசிபியூவை முழுதாகப் பிடித்து வைத்திருந்தால், நீங்கள் அளந்தது குறியாக்கத்தின் வேகத்தை.

கருவியின் பதிப்பையும் கவனியுங்கள். 2023 இறுதியில் வந்த 3.16 பதிப்பில் இருந்துதான் ஐபெர்ஃப்3 ஒவ்வோர் ஓட்டத்துக்கும் தனித் திரியை (த்ரெட்) ஒதுக்குகிறது. அதற்கு முந்தியவற்றில் எத்தனை ஓட்டங்கள் கேட்டாலும் அனைத்தும் ஒரே திரியில் ஓடும். உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் பதிப்புடன் வருவது 3.9. பத்து கிகாபிட் வரைக்கும் அது சமாளித்துவிடும். 25, 50 என்று போகும்போது வலையமைப்புக்கு முன்னதாக அந்த ஒற்றைத் திரி மூச்சிழந்துவிடும்.

பம்பைமடு எழுதியது:

ஒட்டுசுட்டான் அண்ணாவின் விளக்கத்துடன் உடன்படுகிறேன். மும்பைப் பாதையின் 400 மெகாபிட்டை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். வகுப்பில் மாணவர்களுக்குக் கற்பிக்கும்போது இதுபோன்ற ஓர் எண் கிடைத்தால் அந்தப் பாடத்தை அப்படியே நடத்தி முடித்துவிடலாம் என்று தோன்றும்.

400 மெகாபிட்டை 60 மில்லிவிநாடியால் பெருக்குங்கள். 24 மெகாபிட் வருகிறது. அதாவது 3 மெகாபைட். இந்த 3 மெகாபைட்தான் எந்த நேரத்திலும் சிங்கப்பூருக்கும் மும்பைக்கும் இடையில், பதில் வராத நிலையில், வழியில் இருக்கும் தரவு. டிசிபி நெறிமுறையில் பெறுபவர் தன்னால் இவ்வளவை ஏந்திக்கொள்ள முடியும் என்று அறிவிப்பார்; அனுப்புபவர் அதற்கு மேல் அனுப்பாமல் பதிலுக்குக் காத்திருப்பார். பல லினக்ஸ் பதிப்புகளில் பெறும் இடையகத்தின் (வரும் தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகத்தின்) உச்சம் 6 மெகாபைட் என்று வைக்கப்பட்டிருக்கும்; அதில் பாதியை லினக்ஸின் கருவான கேர்னல் தன் மேலதிகச் செலவுகளுக்கு ஒதுக்கிக்கொள்வதால் பெறுபவர் அறிவிக்கும் அந்த அளவு, அதாவது சாளரம், 3 மெகாபைட் அளவில் நின்றுவிடும். உங்கள் எண் அதில் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆகவே 400 என்பது அந்தப் பாதையின் கொள்ளளவைக் காட்டவில்லை, உங்கள் சேர்வரில் உள்ள ஓர் அமைப்பைக் காட்டுகிறது. இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது: நான்கு ஓட்டங்களுடன் ஓட்டுங்கள். மொத்தம் 1.2 கிகாபிட்டை நெருங்கினாலோ தாண்டினாலோ என் கூற்றுச் சரி. 400 ஆகவே நின்றால் பாதையில் வேறு ஏதோ ஒன்று தடுக்கிறது.

இதன் பின்னால் ஒரு பழைய கதையும் இருக்கிறது. டிசிபியின் தலைப்பில் சாளரத்துக்கு ஒதுக்கிய இடம் 16 பிட் மட்டுமே, ஆகக்கூடியது 65,535 பைட். அதை விரிக்கும் முறையை 1992 இல் ஆர்எஃப்சி 1323 என்ற இணைய நெறிமுறை ஆவணம் வகுத்தது. அந்த விரிப்பு இல்லாதிருந்தால் 60 மில்லிவிநாடித் தொலைவில் ஓர் இணைப்பு 9 மெகாபிட்டைக்கூடத் தாண்டியிருக்காது.

இடையகத்தைப் பெருக்க விரும்பினால், மும்பையில் பெறும் பக்கத்து உச்சத்தையும் சிங்கப்பூரில் அனுப்பும் பக்கத்து உச்சத்தையும் சேர்த்தே உயர்த்த வேண்டும். அனுப்பும் பக்கத்தின் வழக்கமான உச்சம் 4 மெகாபைட். 60 மில்லிவிநாடித் தொலைவில் 1 கிகாபிட்டை நிரப்ப 7.5 மெகாபைட் வழியில் இருக்க வேண்டும் என்பதால், இரு பக்கமும் 16 மெகாபைட் என்று வைத்தால் போதும். ஆனால் அதற்கு முன்னர் ஓர் எச்சரிக்கை. உங்கள் நகலெடுப்பு எஸ்எஸ்எச் வழியாகப் போகிறதென்றால், ஓபன்எஸ்எஸ்எச் தனக்குள்ளேயே ஒவ்வோர் அலைவழிக்கும் 2 மெகாபைட் அளவில் தனிச் சாளரம் ஒன்றை வைத்திருக்கிறது. 2 மெகாபைட்டை 60 மில்லிவிநாடியால் வகுத்தால் ஏறத்தாழ 280 மெகாபிட். கேர்னலின் இடையகத்தை எவ்வளவு பெருக்கினாலும் ஐபெர்ஃப்3 காட்டும் எண் மட்டும் அழகாக ஏறும்; நகலெடுப்பு 280 இலேயே நிற்கும். சிங்கப்பூருக்குள் தாமதம் மிகக் குறைவு என்பதால் இந்தச் சாளரம் அங்கே தடையாக இல்லை. அதனால்தான் அங்கே 880 வந்தது.

பொதியின் பருமனையும் ஒரு முறை பாருங்கள். அமேசானின் தனியார் வலையமைப்புக்குள் 9,001 பைட் வரையான பொதிகள் போகும். கூகிள் கிளவுட்டில் வழக்கமான அளவு 1,460. ஒரு பக்கம் பெரிய பொதியை அனுப்ப, நடுவில் ஒரு விபிஎன் அதை ஏற்காமல் விட்டால், பிங் நன்றாகப் போகும், பெரிய கோப்பு மட்டும் தொங்கி நிற்கும். உங்கள் எண்களில் அந்த அறிகுறி இல்லை.

பரந்தன் சந்தி எழுதியது:

ஒட்டுசுட்டான் அண்ணாவுக்கும் பம்பைமடு அக்காவுக்கும் மிக்க நன்றி. 80 மெகாபிட் என்ற கணக்கை நாங்கள் மூன்று பேரும் ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. நேற்று இரவு அதைப் பார்த்துவிட்டு நீண்ட நேரம் பேசாமல் இருந்தோம்.

மும்பைக்கு நான்கு ஓட்டங்களுடன் அளந்தேன். மொத்தம் 1.18 கிகாபிட் வந்தது. அடிப்படை வேகமான 1.2 இல் முட்டி நிற்கிறது என்று நினைக்கிறேன். மூன்று ஓட்டங்களுக்கு 1.17 வந்ததைப் பார்த்தால் அக்கா சொன்ன சாளரக் கணக்குச் சரியென்றே தெரிகிறது.

அண்ணா கேட்ட விபரம்: 180 கிகாபைட்டில் தரவுத்தளப் பிரதி ஒரே கோப்பாக 140 கிகாபைட். மிகுதி 40 கிகாபைட் தராசுத் துண்டுகளின் படங்கள், மொத்தம் ஏறத்தாழ 75,000 கோப்புகள். ஒவ்வொரு மூட்டைத் தொகுதிக்கும் எடை நிறுத்தவர் கையொப்பமிட்ட துண்டைக் கைப்பேசியில் படம் எடுத்துச் சேர்க்கிறோம். ஈரப்பதம் பற்றி விவசாயிக்கும் களஞ்சியத்துக்கும் பிணக்கு வரும்போது அந்தப் படம்தான் சாட்சி. நகலெடுப்பது பைதனில் நானே எழுதிய நிரல். ஓர் எஸ்எஸ்எச் இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, எஸ்எஃப்டிபி (எஸ்எஸ்எச் மேல் கோப்பு அனுப்பும் முறை) வழியாக ஒரு கோப்பை அனுப்பி, மும்பையில் அதன் அளவைக் கேட்டு, சரியாக இருந்தால் அடுத்த கோப்புக்குப் போகும். எந்தப் படமும் தவறிவிடக் கூடாது என்பதற்காக அப்படி எழுதினேன்.

ஒட்டுசுட்டான் எழுதியது:

உங்கள் ஐந்து மணித்தியாலம் அங்கேதான் இருக்கிறது, தம்பி.

ஒரு படத்துக்கு அந்த நிரல் மும்பையுடன் எத்தனை முறை பேசுகிறது என்று எண்ணிப் பாருங்கள். கோப்பைத் திற என்கிறது, பதிலுக்கு நிற்கிறது. எழுது என்கிறது, நிற்கிறது. மூடு என்கிறது, நிற்கிறது. எவ்வளவு பைட் வந்தது என்று கேட்கிறது, நிற்கிறது. குறைந்தது நான்கு பயணங்கள். 75,000 படங்களுக்கு 3,00,000 பயணங்கள். ஒவ்வொன்றும் 60 மில்லிவிநாடி. மொத்தம் 18,000 விநாடிகள், அதாவது 5 மணித்தியாலம். அந்த 5 மணித்தியாலமும் வழி வெறுமையாகக் கிடக்கிறது. லொறியில் ஒரு மூட்டையை ஏற்றி அனுப்பி, அது இறங்கிவிட்டது என்று ஆள் திரும்பி வந்து சொன்ன பிறகு அடுத்த மூட்டையை ஏற்றுவது போன்ற வேலை இது. பெரிய லொறி வாங்கினாலும் அதே நேரம்தான் எடுக்கும்.

மீதியும் பொருந்துகிறது. 140 கிகாபைட் பிரதி பம்பைமடு சொன்ன 280 மெகாபிட் வேகத்தில் 67 நிமிடம் எடுக்கும். படங்களின் 40 கிகாபைட் 19 நிமிடம். எல்லாவற்றையும் கூட்டினால் 6 மணித்தியாலம் 26 நிமிடம். இரவு 1 மணிக்குத் தொடங்கி 7.30 க்கு முடிவது இதனால்தான்.

படங்களைத் தார் நிரலால் ஒரே ஓடையாகக் கட்டி, எஸ்எஸ்எச் வழியாக அனுப்பி, மறுபக்கத்தில் விரித்துவிடுங்கள். சரிபார்ப்பை விட வேண்டாம். அது நல்ல பழக்கம். இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கோப்புப் பட்டியலையும் சரிபார்ப்புத் தொகையையும் (செக்சம்) கணக்கிட்டு, இறுதியில் ஒரு முறை ஒப்பிட்டால் ஒரே பயணத்தில் முடிந்துவிடும்.

மாங்குளம் எழுதியது:

சிக்கல் பிடிபட்டுவிட்டது. ஆனால் "அறிக்கையில் எந்த எண்ணை எழுதுவது" என்ற கேள்வி இன்னும் நிற்பதால், அளக்கும் முறையைப் பற்றி என் அனுபவத்தில் இருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கார்த்திகை மாதம், இரண்டு வீஎம்களுக்கு இடையே 24 மணித்தியாலச் சோதனை ஒன்றை வீட்டில் இருந்து தொடக்கினேன். மழை பிடித்துக்கொண்டது. இரவு 11 மணிக்கு மின்சாரம் போனது, ரவுட்டரும் அணைந்தது. சோதனை என் முனையத்தில் தொங்கிக்கொண்டிருந்ததால் எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்ததும் அதுவும் செத்துப்போயிற்று. வரவு முழுவதும் தீர்ந்து, அடிப்படை வேகம் எங்கே நிற்கிறது என்று தெரியவேண்டிய நேரத்தில் பதிவு பாதியில் முறிந்திருந்தது. வன்னியில் இருந்து வேலை செய்பவர்கள் எவரும், முதலில் அந்த வீஎம்முக்குள், இணைப்பு அறுந்தாலும் வேலையை ஓட விடும் டீமக்ஸ் நிரலைத் திறந்து அதற்குள் சோதனையைத் தொடக்க வேண்டும், முடிவுகளை அந்த வீஎம்மின் கோப்பிலேயே எழுத வைக்க வேண்டும் என்று மிகவும் வற்புறுத்திச் சொல்வேன். வீட்டில் விளக்கு அணைந்தாலும் சிங்கப்பூரில் அளவீடு நடந்துகொண்டிருக்கும்.

அதே சோதனையில் இன்னொரு பிழையும் விட்டேன். பெறும் வீஎம்மின் பொது ஐபி முகவரியைக் கொடுத்திருந்தேன். மாத முடிவில் வந்த பட்டியலைப் பார்த்த பிறகுதான், தனியார் முகவரியில் அனுப்பியிருந்தால் ஒரே வலயத்துக்குள் இலவசமாகப் போயிருக்கக்கூடிய தரவுக்கு நான் காசு கட்டுகிறேன் என்பது புரிந்தது. 10 கிகாபிட் வேகத்தில் ஒரு நிமிடம் ஓடினாலே 75 கிகாபைட். பரந்தன் சந்தி அவர்களின் 30 நிமிடச் சோதனையை மட்டும் எடுத்துக்கொண்டால், 9.4 இல் 12 நிமிடமும் 1.2 இல் 18 நிமிடமும் சேர்ந்து 1,008 கிகாபைட் போயிருக்கிறது. அமேசானில் வலயங்களுக்கு இடையே ஒரு கிகாபைட்டுக்கு ஒவ்வொரு திசையிலும் 0.01 டொலர் அறவிடப்படுகிறது. இரண்டு வீஎம்களும் வேறு வேறு வலயத்தில் இருந்திருந்தால் அந்த அரை மணித்தியாலத்துக்கு 20 டொலர். நாடுகளுக்கு இடையிலான பாதையில் அளக்கும்போது இன்னும் கவனம் தேவை. அங்கே நீண்ட சோதனைக்குப் பதிலாக 60 விநாடிச் சோதனைகளைப் பல முறை செய்வதே கட்டுப்படியாகும்.

எண்ணை எடுக்கும் முறைக்கு வந்தால், ஒரே நாளில் ஒரே நேரத்தில் அளந்ததை நான் ஏற்பதில்லை. வீஎம்மைத் தாங்கும் இயந்திரத்தில் உங்களுக்குத் தெரியாத அயலவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் வேலை கூடும்போது உங்கள் வீசிபியூ திருடப்படும் நேரம் டொப் கட்டளை மேலே காட்டும் சிபியூ வரியின் கடைசி எண்ணில் ஏறுவதைப் பார்க்கலாம். ஒரு கிழமைக்கு, நாளுக்கு நான்கு நேரங்களில், இரண்டு திசையிலும் அளந்து, வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் எண்ணையும் ஆகக் குறைந்த எண்ணையும் எழுதுங்கள். ஆகக் கூடிய எண்ணை எழுதிவிட்டால் வாடிக்கையாளர் அதைத்தான் நினைவில் வைத்திருப்பார். திசையும் முக்கியம்: மைக்ரோசொஃப்டின் அசூரிலும் கூகிள் கிளவுட்டிலும் வீஎம்முக்கென்று விற்கப்படும் பட்டையகலம் வெளியே அனுப்புவதற்குரியது, உள்ளே வருவதற்கு வேறு கணக்கு. ஐபெர்ஃப்3 இல் திசையைத் திருப்பும் தெரிவு இருக்கிறது, முதல் சில விநாடிகளைக் கணக்கில் சேர்க்காமல் விடும் தெரிவும் இருக்கிறது, இரண்டையும் பயன்படுத்துங்கள். டிசிபி தொடக்கத்தில் மெல்லக் கூட்டிக்கொண்டு போகும் அந்த விநாடிகள், 60 மில்லிவிநாடித் தொலைவில், 10 விநாடிச் சோதனையின் சராசரியைக் கீழே இழுத்துவிடும்.

எண்ணுக்குப் பக்கத்தில் அது பிறந்த விதத்தையும் எழுத வேண்டும்: வீஎம்மின் வகை, வலயம், கேர்னல் பதிப்பு, கருவியின் பதிப்பு, ஓட்டங்களின் எண்ணிக்கை, ஓடிய நேரம், தனியார் முகவரியா பொது முகவரியா என்பது. இவை இல்லாத எண்ணை ஆறு மாதம் கழித்து நீங்களே மீண்டும் அளந்து ஒப்பிட முடியாது. கூகிள் 2015 இல் பொதுவில் விட்ட பேர்ஃப்கிட் பெஞ்ச்மார்க்கர் என்ற கருவி இந்த விபரங்களை முடிவுடனேயே சேர்த்துப் பதிகிறது. மூன்று வீஎம்களுக்கு அது பெரிய ஆயுதம். ஆனால் அது எவற்றைப் பதிகிறது என்பதைப் பார்த்துவிட்டு, அதே விபரங்களைக் கையால் எழுதிக்கொள்ளலாம்.

இன்னொன்று. ஒவ்வோர் இரவும் 180 கிகாபைட் என்றால் மாதம் 5,400 கிகாபைட் நாடு கடந்து போகிறது. எடுத்து முடித்த துண்டுப் படம் பிறகு மாறுவதே இல்லை. அதை ஏன் ஒவ்வோர் இரவும் அனுப்ப வேண்டும்?

பரந்தன் சந்தி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மூன்று இரவுகள் பார்த்துவிட்டு எழுதுகிறேன். எந்த மாற்றம் என்ன செய்தது என்று தெரியவேண்டும் என்பதற்காக ஓர் இரவுக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்தோம்.

முதல் இரவு படங்களைத் தாராகக் கட்டி ஒரே ஓடையாக அனுப்பினோம். வேறு எதையும் தொடவில்லை. 1 மணிக்குத் தொடங்கியது 2.29 க்கு முடிந்தது. இரண்டாம் இரவு இரு பக்கத்து இடையகங்களையும் 16 மெகாபைட்டாக உயர்த்தினோம். ஐபெர்ஃப்3 ஒற்றை ஓட்டத்தில் 400 இல் இருந்து 960 மெகாபிட்டுக்கு ஏறியது, நகலெடுப்போ 2.28 க்கு முடிந்தது, ஒரு நிமிட வித்தியாசம். பம்பைமடு அக்கா எழுதியது எழுத்துப் பிசகாமல் நடந்தது. மூன்றாம் இரவு வேலையை நான்காகப் பிரித்து நான்கு எஸ்எஸ்எச் இணைப்புகளில் அனுப்பினோம், 1.44 க்கு முடிந்தது. அந்த நேரத்தில் டிஸ்க் வாசிப்பு அதன் எல்லையில் நின்றதைப் பார்த்தோம். ஆகவே இப்போது தடுப்பது வலையமைப்பில்லை.

பழைய படங்களை மீண்டும் அனுப்பாமல் விடும் மாற்றத்தை, அறுவடை முடிந்த பிறகு, சரிபார்ப்பு முறையுடன் சேர்த்துச் செய்ய முடிவெடுத்திருக்கிறோம். மாங்குளம் அண்ணா கேட்ட கேள்விக்கு எங்களிடம் நியாயமான பதில் இருக்கவில்லை.

அறிக்கையில் மூன்று எண்களை எழுதினோம். சிங்கப்பூர் வீஎம்களுக்கு இடையே, எட்டு ஓட்டங்கள், தனியார் முகவரி, வரவு தீர்ந்த பிறகு நிலைத்து நிற்பது 1.2 கிகாபிட். சிங்கப்பூரில் இருந்து மும்பைக்கு, ஒற்றை ஓட்டம், 16 மெகாபைட் இடையகத்துடன் 960 மெகாபிட். இது ஒரே இரவின் அளவீடு என்று பக்கத்தில் குறித்திருக்கிறோம், ஒரு கிழமை அளவீடு முடிந்ததும் நடு எண்ணையும் குறைந்த எண்ணையும் மாற்றி எழுதுவோம். மூன்றாவது, இரவு நகலெடுப்பு முழுவதும் முடிய எடுக்கும் நேரம் 44 நிமிடம். வாடிக்கையாளர் மூன்றாவதை மட்டும் இரண்டு முறை வாசித்தார். 9.4 ஐ எங்கும் எழுதவில்லை.

பெரிய வீஎம்மை வாங்கவில்லை. இன்று காலை 6.05 க்கு முதலாவது துண்டு அச்சானபோது, நான் களஞ்சியத்தில் தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். உழவு இயந்திரப் பெட்டியில் இருந்து மூட்டைகள் இறங்கி முடிவதற்கு முன்னரே துண்டு விவசாயியின் கையில் இருந்தது.